வரப்புக்கு அந்தப் பக்கத்துப் பார்த்தீனியம்

ஆவணி 3, செவ்வாய்
விடியற்காலையில் தூறல். எனக்கு வார விடுமுறை. வீட்டுக்காரரை தி.மலை தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கழுத்து, முழங்கை, கண் இமை எல்லாம் தடித்துக் கறுத்து, சொறிந்து சொறிந்து ரத்தம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "நெலத்துல பார்த்தீனியம் ஜாஸ்தியா?" அந்த வெள்ளைப்பூச் செடிதான் காரணமாம். இனி தொடக்கூடாது. அது பூத்திருக்கும் பக்கமே போகக்கூடாது.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும், "நெலத்த குத்தகைக்கு வுட்டுடலாம். எங்கனா வாட்ச்மேன் வேலை பாத்துக்கறேன்" என்றார். விவரம் தெரிந்த நாளிலிருந்து வேர்க்கடலை போடுகிற மனுஷன்.

வாங்க: களிம்பு, முழுக்கைச் சட்டை 2, ரப்பர் கையுறை.

ஆவணி 5, வியாழன்
வேலைக்குப் போகும் முன் நிலத்தைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் ஒன்றரை ஏக்கரில் அங்கங்கேதான். பிடுங்கிவிடலாம். வரப்புக்கு அந்தப் பக்கம் இவருடைய அண்ணன் நிலம். நாலு வருஷமாகத் தரிசு. இடுப்பளவு பார்த்தீனியம். மொட்டு விட்டாயிற்று.

வேளாண்மை ஆபீஸ் அம்மா போனில் சொன்னது: மண் ஈரமாக இருக்கும்போதே, பூக்கும் முன்னால், வேரோடு பிடுங்கணும். விட்டால் விதை காற்றிலேயே உங்கள் பக்கம் வந்துவிடும்.

இவரிடம் சொன்னேன். "அவன் நெலத்துல கால் வெக்கமாட்டேன்." வரப்பை யார் அரை அடி வெட்டினது என்று சண்டை. அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சில்லை.

ஆவணி 6, வெள்ளி
தி.மலை கெஸ்ட் ஹவுஸில் என் சமையல் வேலை முடிய மூன்று மணி. பௌர்ணமிக் கூட்டம், கை ஓய்ந்துவிட்டது. அப்படியே டவுனில் இருக்கும் இவர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இவருக்குத் தெரியாது.

அண்ணன் மனைவி கஸ்தூரி அக்கா கதவைத் திறந்தாள். "வழி தெரிஞ்சுதா உனக்கு? உள்ள வா."

போனில் இவர் கழுத்துப் படத்தைக் காட்டினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"செடி புடுங்கற சாக்குல வரப்ப நகத்தலாம்னு பாக்கறீங்களா?"

"வரப்ப நீங்களே வெச்சுக்கங்க மாமா. எனக்கு மனுஷன் வேணும்."

காபி குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் அதே நினைப்பு. அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ.

ஏழு மணிக்கு அக்கா போன். "ஞாயித்துக்கெழம வரேன். பத்திரம் என் பேர்லதான் இருக்குது. என் நெலத்துல நான் செடி புடுங்க யாரைக் கேக்கணும்?"

சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று.

ஆவணி 8, ஞாயிறு
மேகமூட்டம். அக்கா, நான், கூலிக்கு நாலு பெண்கள். கையில் உறை, மூக்கில் துண்டு. "ஆபரேஷனுக்குப் போறாப்பல இருக்குதுக்கா" என்றாள் ஒருத்தி.

இவர் வீட்டில். செடியும் ஆகாது, சும்மா இருக்கவும் ஆகாது. தானே சாம்பார் வைத்து அனுப்பினார். உப்பு கம்மி. யாரும் சொல்லவில்லை.

முக்கால் பங்கு முடிந்தது. குழியில் போட்டு மண் மூடினோம். இடுப்பு விட்டுப்போச்சு.

ஆவணி 10, செவ்வாய்
மீதியும் முடித்தோம். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு செடி பூத்திருந்தது. பூ உதிராமல் பையைக் கவிழ்த்துக் கட்டிப் பிடுங்கினேன்.

இவருக்கு அரிப்பு கம்மி. நேற்று நன்றாகத் தூங்கினார்.

ஆவணி 24, செவ்வாய்
இரண்டு நாள் நல்ல மழை. போய்ப் பார்த்தால் அக்கா நிலம் முழுக்கப் பொடிப்பொடியாக மறுபடியும் பார்த்தீனியம். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேளாண்மை அம்மா: "மண்ணுல பழைய விதை இருக்கும்மா. ரெண்டு மூணு வருஷம் விடாம புடுங்கணும். தகரைச் செடி விதை தூவுங்க. அது அடர்ந்துட்டா இது தலையெடுக்காது."

மூன்று வருஷம். இவரிடம் சொன்னேன். "செய்யலாம்" என்றார். குத்தகைப் பேச்சு எடுக்கவில்லை. அக்காவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன்.

ஆவணி 29, ஞாயிறு
சாயங்காலம் நானும் இவரும் எங்கள் நிலத்தில் இருந்தோம். ஓரத்தில் வேன் சத்தம். அண்ணன்! தோளில் அரை மூட்டை தகரை விதை. பின்னால் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கழுத்து எப்டி இருக்குது?" அண்ணன்தான் முதலில்.

"பரவால்ல."

"அங்கயே நில்லு. இந்தப் பக்கம் வராத. நான் தூவிக்கறேன்."

தூவினார். வேன் ஓட்டுகிற கை, விதைத்துப் பழக்கம் விட்டுப்போச்சு. ஒரே இடத்தில் குவியல் குவியலாக விழுந்தது. இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"மணல் கலந்து தூவுண்ணா! எல்லாம் ஒரே எடத்துல வுழுது பாரு."

அக்கா என் கையைக் கிள்ளினாள்.

நானும் அக்காவும் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா முருங்கைக்கீரை உருவுகிறாள். அவர்கள் இன்னும் வரவில்லை. நாலு பேருக்கு உலை வைக்க வேண்டும்.