சிவந்த தூண்கள்

14 மே 2006, ஞாயிறு. மனோர் பார்க், லண்டன்.

நானும் இவரும் கென்ட் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தைப் பார்க்கப் போனோம். நோர்மன் காலத்துக் கட்டடம், தொள்ளாயிரம் வருடப் பழசு. ஊரில் எங்கள் தேவாலயத்தில் குண்டு விழுந்து தன் தம்பி செத்ததிலிருந்து இவர் எந்தத் தேவாலயத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. இன்றும் காரிலேயே இருந்துவிட்டார்.

மழையில் ஊறிய கதவு இறுகிக் கிடந்தது. திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பிய வெள்ளைக்கார அம்மாவுக்கும் எனக்கும் அது அசையவில்லை. இவரைக் கூப்பிட்டேன். வந்து தோளால் தள்ளினார். தள்ளிய வேகத்தில் உள்ளே போய்விட்டார்.

உள்ளே எவ்வளவு அழகு! அரைவட்ட வளைவுகள் முழுக்கப் பல்லுப் பல்லாகச் செதுக்கியிருந்தார்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். வெளிறிய கல்லில் அங்கங்கே சிவப்பு ஏறியிருந்தது. பழைய காலத்தில் தீப்பிடித்த அடையாளம் என்றார் அந்த அம்மா. கூரை முழுக்க விழுந்ததாம். ஊர்ச்சனம் திறந்த வானத்தின் கீழே நின்று செபம் சொல்லி, மெல்ல மெல்ல அதே தூண்களின் மேல் புதுக் கூரை போட்டார்களாம்.

"எரிஞ்ச கல்லை ஏன் மாத்தேல்லையெண்டு கேளும்," என்றார் இவர்.

கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்.

"அது இன்னும் நல்லாத் தாங்குதாம்," என்றேன்.

இவர் சிவந்த கல்லில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

காரில் ஏறியதும், "தம்பிக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். நானும் வாறன்," என்றார். எப்போது என்று கேட்க எனக்குப் பயம். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது படுக்கையிலிருந்து இவருடைய குரல் வருகிறது: "நாளைக்கே பாதருக்குப் போன் எடுத்துச் சொல்லும்."