மாரிசெல்வம் விலகிய காரணம்

செப்டம்பர் 8, ஞாயிறு

கடைக்கு லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு விக்கிப்பீடியாவைத் திறந்தேன். பிறந்த ஊர் பரளச்சி பற்றிய கட்டுரையில் பிழை திருத்தப் போய் ஒட்டிக்கொண்ட பழக்கம். 'மானாவாரி' பாட்டுக் குழுவுக்கு இன்று தனிக் கட்டுரையே வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் இவர் டிரம்ஸ் வாசித்த குழு. அவர்கள் சென்னையில் கொடிகட்டிப் பறக்கிறார்கள்; இவர் பந்தல்குடியில் விதைக்கடை வைத்திருக்கிறார். இவர் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வரிதான்: "மாரிசெல்வம் 2019இல் திருமணம் காரணமாக விலகினார்."

திருமணம் என்றால் நான். நானா காரணம்?

செப்டம்பர் 9, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தது ஆவணியில். அதற்கு ரொம்ப முன்னாலேயே இவர் ஊருக்கு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை விதைக்கடை என்றுதான் தரகர் சொன்னார், டிரம்ஸ் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு எப்படி நான்? அந்த வரியை நீக்கினேன். "தவறான தகவல்" என்று காரணம் எழுதினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வரி திரும்ப வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

மறுபடி நீக்கினேன், மறுபடி வந்துவிட்டது. யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார்: குழுவினரே ஒரு நேர்காணலில் சொன்னது இது, உங்களிடம் வேறு சான்று உண்டா? என்னிடம் என்ன உண்டு, தாலிதான் உண்டு. அதை எப்படி மேற்கோள் காட்டுவது?

அத்தைக்குச் சான்றெல்லாம் தேவையே இல்லை. கம்பு விதை வாங்க வந்தவரிடம் இன்றும் சொன்னார்கள்: "எம்மகன் டிவியில வர வேண்டியவன்யா. கல்யாணம் கட்டுனான், எல்லாம் போச்சு." நான் பக்கத்தில்தான் விதை நிறுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகச் சும்மா சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். நிஜமோ? கல்யாணம் என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, அப்புறம் பெண் தேடியிருந்தால்? அப்படியானால் நான்தானே? முதல் தடவையாகப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாப்பிடும்போது இவரிடமே கேட்டேன், ஏன் விட்டீர்கள் என்று.

"அதான் கல்யாணம் ஆச்சுல்ல."

"அதுக்கு முன்னாலயே ஊருக்கு வந்துட்டீகளே?"

"ரசம் ஊத்து."

ஊற்றினேன்.

செப்டம்பர் 21, சனி

'மானாவாரி'யில் பாடுகிற சண்முகவேல் அண்ணன் தூத்துக்குடி கச்சேரிக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார். இவர் பின்பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். டீயைக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன்: "அண்ணே, இவுக என்னாலயா விட்டுட்டு வந்தாக?"

அவருக்குப் புரை ஏறிவிட்டது. "அய்யோ, இல்லம்மா. அவன் உங்கிட்டச் சொல்லவே இல்லையா? பாட்டு போகப் போக அவனுக்கு வேகம் கூடிரும். தாளத்துக்குக் காதுல டிக் டிக்னு சத்தத்தப் போட்டுவிட்டாலும் அதையும் முந்திக்கிட்டு ஓடுவான். ரெக்கார்டிங்ல ஒண்ணும் தேறல. நாங்கதான் போகச் சொன்னோம். கல்யாணம்னு சொல்லிக்கிருங்கடான்னு அவந்தான் கேட்டான்."

பழி போய்விட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும்தானே? அழுகை வருகிறது. இவரை நினைத்தா, என்னை நினைத்தா?

செப்டம்பர் 22, ஞாயிறு

சண்டை.

"ஊருக்குச் சொன்னீக, சரி. எங்கிட்டயுமா?" என்றேன்.

"கல்யாணம்னு சொன்னா நம்ம பக்கம் எவனும் அடுத்த கேள்வி கேக்க மாட்டான் லட்சுமி. பொண்ணு எந்த ஊரு, என்ன போடுறாகன்னுதான் கேப்பான்."

அது வாஸ்தவம்தான். "உங்க அம்மா நெதமும் என்னையச் சொல்றாகளே, அது காதுல விழலையா?" என்றேன். எழுந்து போய்விட்டார். இம்புட்டு நாளும் என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காரு மனுசன்! கோவமா வருது. பாவமாவும் இருக்கு. ரெண்டுல ஒண்ணு மட்டும் வந்தாத் தேவலை.

செப்டம்பர் 24, செவ்வாய்

பேச்சுவார்த்தை இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

மனசு கேட்காமல் கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். நேற்று யாரோ அந்த வரியை மாற்றியிருக்கிறார்கள்: "மாரிசெல்வத்துக்குத் தாளம் நிற்காததால் குழுவினர் அவரை விலக்கினர். அவர் மனைவிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை." காரணம் எழுதும் இடத்தில்: "நான்தான் மாரிசெல்வம்."

கணக்கும் சொந்தப் பெயரில்தான். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். உலகமே பார்க்கிற இடத்தில் இதை எழுத இவருக்கு எப்படி மனசு வந்தது?

ஆனால் அந்தப் பொறுமைசாலி அதையும் தூக்கிவிட்டார். சொந்த அனுபவம் சான்றாகாதாம். "திருமணம் காரணமாக" பழையபடி இருக்கிறது.

கடைக்குப் போனேன். இவர் நிமிர்ந்து பார்க்காமல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அத்தை மக்காச்சோள விதை வாங்க வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "எம்மகன் வேகத்துக்கு அந்தப் பயலுகளால ஈடு குடுக்க முடியலய்யா. அதான் அனுப்பிவிட்டானுக."

இவரைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. நான் எதையும் திருத்தவில்லை.