கேஜ் தின்னாத விரல்கள்

2025 ஜூன் 8, ஞாயிறு

எங்கள் தங்கச்சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் இலவச சர்க்கரை நோய் முகாம். பிஸ்கட் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். நர்ஸ் மாயா - நம் இன்பராஜ் மகள், நேற்றுவரை மூக்கு ஒழுகத் திரிந்தது - என் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டாள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். "விடுங்க அங்கிள், எனக்கு நேரம் இருக்குது" என்று காத்திருந்தாள். நூற்று மூன்று சென்டிமீட்டர்.

தினம் எவ்வளவு நடப்பேனாம். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர். பெங்களூர் வரை ஜன்னல் சீட்டு. ஆபீஸில் நாற்காலி. திரும்பவும் அதே. நடப்பதெல்லாம் ரயில் கக்கூஸுக்குத்தான்.

அப்பா அம்மாவுக்கு சர்க்கரை உண்டா? இங்கேதான் கொதித்துவிட்டது. காலமான என் அப்பா சம்பங்கி, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜின் கதவில் மாட்டி மூன்று கால்விரலை இழந்தவர். அவருக்குப் போய் சர்க்கரையாம்! பேனாவைப் பிடுங்கி நானே 'இல்லை' என்று எழுதினேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரணுமாம். போடி.

ஜூன் 9

பூதிகோட்டையிலிருந்து தங்கை அமலா போன். ஒரு மாசமாகப் பாதம் எரிகிறதாம். டாக்டர் கேட்டதற்கு, எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்றாளாம். வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். கார்மெண்ட்ஸில் நின்றே வேலை செய்கிறாய், அதுதான் என்று நானும் சொல்லி வைத்தேன். பெரிய டாக்டர் நான்.

ஜூன் 11

டீக்கடையில் மாயாவைத் திட்டி, அப்பா கதையை எடுத்துவிட்டேன். எதிர் பெஞ்சில் சின்னப்பா - அப்பா வேலை செய்த ஷிப்டில் கேஜ் கதவைத் திறந்து மூடினவர். கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்ன? என் கேஜ்லயா? இருபத்தாறு வருசத்துல என் கதவுல ஒருத்தன் நகம்கூட போனதில்லப்பா. உங்கப்பன் விரல எடுத்தது ஆஸ்பத்திரியில. சக்கரை. இத்தினி வருசமா என் பேரையா கெடுத்துனு இருக்கீங்க?"

கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கும் கோபம் - யார் மேல் என்றுதான் புரியவில்லை. அப்போது எனக்குப் பதிமூன்று வயசு. லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அப்பா காலில் கட்டு. கேஜ் கதை அம்மா சொன்னது.

ஜூன் 12

கத்தினேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"சொரங்கத்துல அடிபட்டா மரியாதை. சக்கரைன்னா தின்னே கெட்டான்னுவாங்க. உங்கப்பாதான் அப்படி சொல்லச் சொன்னாரு. அமலாவையும் ஒருத்தன் கையில குடுக்கணும் இல்ல?"

தின்னே கெட்டானாம்! அரை வயிற்றுக் கஞ்சியோடு ஷிப்டுக்குப் போன மனுஷன்யா அவரு! எதுக்கு ஒளியணும்? இந்த ஊர் வாய்க்குப் பயந்து... சரி, அந்த வாயில் பாதி என்னுடையது. எங்கள் தெரு ஞானசுந்தரிக்கு சர்க்கரை என்று தெரிந்ததும் 'லட்டு அக்கா' என்று பெயர் வைத்தது யார்? நான்தானே.

அமலாவிடம் நீயே சொல்லும்மா என்றேன். கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

ரத்தம் கொடுத்தேன். 119. சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றாள் மாயா. படிவத்தைக் கேட்டு வாங்கி, 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினேன். அவள் சிரிக்கவில்லை. பிஸ்கட்டும் தரவில்லை.

அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. நாளைக்குள் அவள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஜூன் 16

சொல்லவில்லை. நானும்தான்.

ஜூன் 18, புதன்

காலையில் செருப்பு மாட்டும்போது உள்ளே அம்மாவின் குரல். போனில்.

"அமலா, உங்கப்பா வெரலு கேஜ்ல போகலம்மா. நான்தான் பொய் சொன்னேன். இன்னிக்கே போயி ரத்தம் குடு."



ஸ்கூட்டர் சாவியை ஆணியிலேயே விட்டேன். வேர்க்க வேர்க்க நடந்து ஸ்டேஷனுக்குப் போனால், என் இருபது வருஷ ஜன்னல் சீட்டில், தினம் கூட வரும் சுனில் உட்கார்ந்துகொண்டு கண்ணடிக்கிறான். படுபாவி.

சாயங்கால வண்டியில் இருக்கும்போது அமலா கூப்பிட்டாள். இருநூற்று நாற்பதாம். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. டாக்டர் இரண்டு பாதத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம்.

"வெரலு பத்தும் இருக்குதுண்ணா" என்றாள்.

பங்காரப்பேட்டையில் பெட்டியே காலியானது, என் ஜன்னல் சீட்டும்தான். நின்றுகொண்டே வந்தேன்.