தீர்ப்பே வராத வழக்கு

அக்கா,

இன்று நீதிமன்ற வராந்தாவில் ஒரு பெண் என்னை உரசிக்கொண்டு போனாள். அவள் சேலையில் பட்டு நூலை வேகவைத்த சோப்புத் தண்ணீரின் வாடை. நீங்கள்தான் என்று சட்டென்று திரும்பினேன். நீங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

ஆரணியில் நான் வக்கீலாக உட்கார்ந்த புதிதில், பட்டுத் தறி நெய்யும் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். நெருக்கடி நிலை அப்போதுதான் முடிந்திருந்தது. கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்களைத் திரட்டிய உங்கள் தம்பியை, அந்த நெருக்கடிக் காலத்தில் ஒருநாள் பெரணமல்லூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று சாதித்தார்கள்.

"எங்க போனாலும், மொதல்ல அங்க போய்ட்டு வான்றாங்க வக்கீலம்மா. நானும் போய்கினே கீறேன்."

இருவரும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், உங்கள் தம்பியைக் கண்டுபிடிக்கச் சொல்லி மனு போட்டோம். மனு விசாரணைக்கு ஏற்கப்படாமலே வருடக்கணக்கில் கிடந்தது.

எண்பதுகளில் ஒரு மத்தியானம், சட்டப் பத்திரிகையில் படித்ததை உங்களிடம் சொன்னேன். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து மனித உரிமைக்கென்றே ஓர் ஆணையமும் நீதிமன்றமும் வைத்திருக்கின்றன. சொந்த அரசாங்கத்தின் மேலேயே அங்கே புகார் கொண்டுபோகலாம். நம் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் பாவு நூலில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"யார வேணா உள்ள உடுவாங்களா?"

"இல்லக்கா. பாதிக்கப்பட்டவங்களோ அவங்க குடும்பமோ போகணும். பேரை மறைக்கக் கூடாது. உள்ளூர் கோர்ட்டு எல்லாத்தையும் முதல்ல பாத்துடணும். கடைசித் தீர்ப்பு வந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்."

உங்கள் விரல்கள் நின்றன.

"நான் கூடப் பொறந்தவ. பேரு சொல்ல பயமில்ல. ஏறாத படியுமில்ல. ஆனா எனக்குத் தீர்ப்பே வரலியே. எந்த நாள்லேர்ந்து எண்றது?"

உள்ளூர் கோர்ட்டு வீணாக இழுத்தடித்தால், தீர்ப்புக்குக் காத்திருக்கும் நிபந்தனையைத் தளர்த்துவார்கள் என்றேன்.

"அப்ப என்னை உள்ள உட்டிருப்பாங்க" என்றீர்கள், மெதுவாக. இல்லாத ஒரு வாசலில் அனுமதி கிடைத்துவிட்ட நிம்மதி உங்கள் முகத்தில். அந்த முகம் இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "எனக்கப்பறம் அவன் எங்கன்னு நீங்க கேளுங்க" என்றீர்கள்.

"நான் சொந்தமில்லையேக்கா. கேட்க உரிமை இல்லம்பாங்க."

நீங்கள் என் கையைப் பற்றினீர்கள். பிறகு விடவே இல்லை.

நீங்கள் இறந்த பிறகுதான் உத்தரவு வந்தது. மனுதாரர் உயிரோடு இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

இப்போதும் புதிதாக ஒரு போலீஸ் அதிகாரி மாற்றலாகி வரும்போதெல்லாம் நான் போய் உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்கிறேன். பதில் சொல்லும் முன் அவர்கள் ஒன்றைத் தவறாமல் கேட்கிறார்கள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அக்கா என்கிறேன்.