மதி ஓட்டிய வாடகை விமானம்

ஐப்பசி 9, திங்கள்
விடியலிலிருந்து தூறல். களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். எங்கள் அரிசி மில் நின்றுவிட்டது, உமி நீக்கும் ரப்பர் ரோல் தேய்வு.

மனைவி கமலாவின் அண்ணன் வந்திருந்தார். வழக்கமான பேச்சு. "பொண்ண அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு உக்காந்துகினு கீறீங்களே மச்சான். ப்ளேன் ஓட்ட இங்க கத்துக்க முடியாதா?"

முடியும். ஆனால் பயிற்சி விமானத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, அது இங்கே அதிகம் என்றேன்.

"அதே ப்ளேன்தானே? அங்க மட்டும் எப்படி மலிவு? ஓட்டை வண்டியா இருக்கும்."

கமலாவின் முகம் சுருங்கிவிட்டது. மதியிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஐப்பசி 10, செவ்வாய்
காலையில் அமெரிக்காவிலிருந்து மகள் மதி போன். மச்சான் கேட்டதையும் மில் நின்றதையும் சொன்னேன். சிரித்தாள்.

"நம்ம மில்லையே எடுத்துக்கப்பா. ரோலு கப்பல்ல வந்து கஸ்டம்ஸ்ல கிடந்தா? மில்லு நின்னுகினு இருந்தாலும் வட்டி, இன்சூரன்ஸ் நிக்காதில்ல? அந்தச் செலவெல்லாம் ஓடுற நாள் மேலதான் ஏறும். நம்மூர்ல ப்ளேன் கம்மி, அதுக்குப் பார்ட்டு வெளிநாட்லருந்து வரணும், பெட்ரோலும் வரியும் ஜாஸ்தி. இங்க வரிசையா நிக்குது, மெக்கானிக் பக்கத்து ஷெட்லயே கீறாரு. ஓட்டை இல்லப்பா."

பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ரோல் வாங்கி மாட்டினோம். மதியத்துக்குள் மில் ஓடியது. அவள் சொன்னது புரிந்தது.

ஐப்பசி 12, வியாழன்
மழை. மதி போன். "நான் நல்லாதான் கீறேன்பா" என்றுதான் ஆரம்பித்தாள்.

பறந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்து ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். ஒரு கையால் அவரை ஸ்டியரிங்மேல் விழாமல் தள்ளிப் பிடித்து, மறுகையால் ஓட்டி இறக்கியிருக்கிறாள். இறக்கியபோது உயிர் இல்லை. மாரடைப்பு.

அழவில்லை. ஏதோ பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். கமலா போனைப் பிடுங்கி, "வந்துடு கண்ணு, வந்துடு." அந்தப் பக்கம் வெறும் "ம்".

ஐப்பசி 13, வெள்ளி
தெருவில் அதற்குள் விமானமே விழுந்துவிட்டதாகப் பேச்சு. மச்சான்: "அன்னிக்கே சொன்னேன், மலிவு வண்டின்னு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல. மனுஷன்தான் செத்துட்டாரு." கத்திவிட்டேன்.

கமலா சாப்பிடவில்லை. "எவ்ளோ ஆனாலும் ஆவட்டும், இங்கயே வந்து முடிக்கட்டுங்க."

சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்தேன். "ஒரு ப்ளேன்தான் ஓடுது சார். மத்ததுக்குப் பார்ட் வரணும்." எப்போது? "சொல்ல முடியாது சார்." கமலாவிடம் சொன்னேன். தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

ஐப்பசி 15, ஞாயிறு
மழை விட்டிருக்கிறது. நெல்லில் முளை கட்டிவிட்டது, ஒரு பக்கம் முழுக்க.

மதி போன். வரவில்லையாம், அங்கேயே முடிக்கிறாளாம். மறுபடி விமானம் ஏறினாளா என்று கேட்க வாய் வரவில்லை.

வாத்தியாரின் மனைவி வந்தாராம். இவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாராம்.

"அவங்க பேரச் சொன்னாருன்னு சொல்லிட்டேன்பா."

"சொன்னாரா?"



"ஒண்ணும் சொல்லலப்பா. நான் அவரத் தள்ளிகினே இருந்தேன். உயிர் இருந்துதா இல்லையான்னுகூடத் திரும்பிப் பார்க்கல."

சமையலறையிலிருந்து கமலா, "என்ன சொல்றா?"

சாப்பிட்டுவிட்டாளாம் என்றேன்.