உப்பு மட்டும் போட்டவருக்கு

அக்கா,

இன்று மதியம் நான் வைத்த வான்கோழி ஸ்டூவில் உப்பு இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். ஒரு வாய் வைத்ததுமே உங்கள் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவைத்து, "அவ போனதும் ருசியும் கூடவே போயிடுச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறந்துவிட்டேன், அவ்வளவுதான். தினமும் சமைக்கிற கைதான். ஆனால் அந்தப் பெரிய சட்டி முன்னால் நின்றதும் உப்பு ஜாடிப் பக்கம் போகவே இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பண்டிகைச் சட்டிக்கு மூத்த மருமகள்தான் உப்பு போட வேண்டும் என்பது நம் மாமியார் வீட்டு வழக்கம். அதை நீங்கள் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, அப்பப்பா!

சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய் வான்கோழி வாங்கி வருவது நான். தோலில் ஒட்டியிருக்கும் குருத்திறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது நான். மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய் வறுத்து அரைத்து, கேரட், பீன்ஸ், நூல்கோல் நறுக்கி வைப்பதும் நான். அந்தக் கறி லேசில் வேகாது. அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். அதனால் ஒரு கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குக்கூட நான் போனதில்லை.

நீங்கள் பூசை முடிந்து பட்டுப்புடவையோடு நேரே அடுப்படிக்கு வருவீர்கள். சட்டிமேல் சிலுவை அடையாளம் போட்டு, ஒரு கை உப்பு அள்ளிப் போடுவீர்கள். அப்புறம் வந்தவர்களிடம், "காலைல அஞ்சு மணிக்கே எழுந்து வச்சேன். டர்க்கி வேகறதுக்குள்ள இடுப்பே ஒடிஞ்சிடுச்சு" என்று ஒரு பெருமூச்சு. யார் இடுப்பு, அக்கா? என் பிள்ளையே அதைப் பெரியம்மா ஸ்டூ என்றுதான் சொல்லிப் பழகினான்.

ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "நான்தானேக்கா வச்சேன், நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா என்ன?" நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உப்பு போடலன்னா அது வெறும் கழனித் தண்ணிடி" என்றீர்கள்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் உங்கள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பாசம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அப்போதாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். தலையணை உயரம் சரியில்லை என்று மட்டும் சொன்னீர்கள்.

இன்று நானே சொல்லிவிட்டேன். கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "ருசி எங்கேயும் போகல. இத்தனை வருஷமும் இதை வச்சது நான். அவங்க உப்பு மட்டும்தான் போட்டாங்க" என்றேன். எல்லோரும் அதிர்ந்துபோவார்கள் என்று பார்த்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை.

என் பிள்ளைதான் வாயைத் திறந்தான். "தெரியும்மா. பெரியம்மாவுக்கு வெங்காயம்கூட நறுக்க வராதே. எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா ஒருத்தரும் சொல்லல?"

"நல்ல நாள் அதுவுமா எதுக்குக் கலாட்டான்னுதான்."

உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். என் புருஷன் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. நான் உள்ளே போய் உப்பைக் கரைத்து ஊற்றிக் கிண்டிக் கொண்டுவந்தேன். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, அக்கா. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் நீங்கள் ஒருத்திதான் என்னை ஏய்த்தீர்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீங்களாவது பொய் சொல்லிச் சாப்பிட்டீர்கள். நான் பெற்ற பிள்ளை தெரிந்தே சாப்பிட்டிருக்கிறான்.