கழுவாத கரண்டி

அன்பு மகள் பெபிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறது. ஆண்டவர் கிருபையால் இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்குக் குறையில்லை, நீயும் மருமகன் ஷிஜினும் பிள்ளையும் தோகா வெயிலில் சுகமாக இருக்கவேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் பேரைச் சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறோம். உடம்பைப் பற்றித்தான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை, இந்தக் கடிதமே அதற்குத்தான். போனில் பேசலாமே என்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் உடனே சரி விடு மக்கா என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. பக்கத்து வீட்டு ஜெனித் லீவு முடிந்து தோகா திரும்புகிறான், அவன் கையில் முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். முந்திரிக்கொத்தை முதலில் தின்றுவிடு, படித்தபிறகு இறங்காது.

கொட்டாரத்தில் நல்ல மழை, வயலெல்லாம் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை, ஆனால் வீட்டிலேயே இருக்கிறார். வடசேரியில் ஒரு வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்ட ஆட்கள் காத்திருக்கிறார்கள், இவர் போகமாட்டேன் என்கிறார். ஏன் என்று உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் அவர் கட்டின எல்லா வீட்டுக்கும் குடிபுகுகிற அன்றைக்குப் பிரதிஷ்டை ஜெபத்துக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினவள் அல்லவா நீ. பிரதிஷ்டை அன்று காலையில் வாசல்படி ஓரத்தில் கடைசியாக ஒரு கை சாந்து பூசுவார், அந்தச் சாந்துக் கரண்டியை அப்படியே துண்டில் சுற்றி வைத்துக்கொள்வார், சர்ச் ஐயர் கூப்பிட்டதும் வீட்டுக்காரர் கையில் சாவியைக் கொடுப்பார், வீட்டுக்காரி தண்ணீர் ஊற்ற அந்தப் படியிலேயே கரண்டியைக் கழுவுவார். அதோடுதான் வேலை முடிந்தது என்று அவருக்குக் கணக்கு, அது முடியாமல் அடுத்த வீட்டில் மண்வெட்டி வைக்க விடமாட்டார். ஊரில் வேறு எந்த மேஸ்திரிக்கும் இந்தப் பழக்கம் கிடையாது, இவர் பிடித்த பிடி.

அப்பா கட்டின உன் புது வீட்டுப் பிரதிஷ்டையில் என்ன நடந்தது என்று தோகாவில் இருந்தபடி போன் வீடியோவில் நீ பார்த்தாய், ஆனால் நீ பார்த்தது போன் காட்டின பக்கத்தை மட்டும். ஜெபம் தொடங்குமுன் ஐயர் வந்து அப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டார், இவரும் எதற்கு என்று கேட்காமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு மைக்கில் என்ஜினீயரைக் கூப்பிட்டார்கள். பிளானில் கையெழுத்துப் போட்டவர், கான்கிரீட் போட்ட அன்று வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனவர், அவர் உன் மாமனாரிடம் சாவியைக் கொடுத்தார், பொன்னாடை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் பெண்ணின் தகப்பனார் கான்ட்ராக்டர் யோவான் அவர்கள் என்று ஐயர் சொன்னாரே, அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரோ நிற்கிறார் என்று நினைத்து. எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு வெந்துபோயிற்று. தச்சு வேலை பார்த்த ஆசாரி சிலுவைதாசன் ஒன்றும் புரியாமல் வாளியில் தண்ணீரைக் கொண்டுவந்து படியில் வைத்தார், உனக்குப் பதிலாக நான்தான் ஊற்றவேண்டும், சொம்போடு நிற்கிறேன், அப்போது போனிலிருந்து உன் சத்தம் கேட்கிறது, அப்பா அதெல்லாம் வேண்டாம், எல்லாரும் பாக்காவ, உள்ள வாருங்கோ என்று. அவர் கரண்டியைத் திரும்பத் துண்டில் சுற்றினார். பிள்ளைக்குச் சங்கடம்னா விட்டிருவோம் நேசம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பின்னால் பந்தலில் வேலையாட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று உன் வீட்டுக்குள் அவர் கால் வைக்கவில்லை, அது வீடியோவில் வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா, இது உன் மாமனார் வீட்டு வேலை, புரொபசர் வீட்டுக்கு மேஸ்திரி சம்பந்தம் குறைச்சலாகப் போய்விட்டது, என் பிள்ளை பாவம், வாயடைத்துப் போய்விட்டாள் என்று. அந்தக் கோபத்தோடு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய் உன் மாமியாரிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார், நாங்க ஒண்ணும் சொல்லல்ல, இது உங்க மவளுக்க ஏற்பாடு, ஐயருக்கு வாய்ஸ் அனுப்பினதும் அவதான், மேஸ்திரின்னு எங்களுக்குத் தெரியாதா, பெண் பார்க்க வந்த அன்னைக்கே அவரு கையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம், கான்ட்ராக்டர்னு அவ சொன்னதால அப்படியே கூப்பிடுவோம்னு இருந்தோம் என்று. ஏட்டி, யார் வீட்டு நடுவில் உட்கார்ந்து யாரைத் திட்டினேன் என்று தெரிந்தபோது எனக்குத் தலையைத் தொங்கப்போடவேண்டியதாயிற்று. வெளியாள் குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பெற்ற பிள்ளை எங்களுக்குத் தெரியாமல் அப்பாவுக்கு வேறு பேர் வைத்திருக்கிறாள், அதையும் ஐயர் வாயால் சொல்லவைத்திருக்கிறாள். நீ எங்களை ஏமாற்றிவிட்டாய், இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேரில் உனக்கு என்ன கேவலம் என்று கேட்கிறேன். தமிழ் டீச்சர் மகள் நீ, கொஞ்சம் கேள். மேஸ்திரி நம் சொல்லே கிடையாது, போர்ச்சுகல்காரன் கப்பலில் நம் கடற்கரைக்கு வந்தது. அவன் ஊரில் மெஸ்த்ரே என்றால் தொழிலைக் கரைத்துக் குடித்தவன், நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கத் தகுந்தவன். நம் ஆட்கள் அதைக் கொத்தனுக்கு வைத்தார்கள், தையல்காரனுக்கு வைத்தார்கள். பர்மாவுக்குக் கூலி ஆள் பிடித்துக்கொண்டு போய்ச் சுரண்டினவனுக்கும் வைத்தார்கள், அங்கே அந்தப் பேர் கொஞ்சம் அழுக்கும் பட்டது, அதையும் மறைக்கவில்லை. அந்த மெஸ்த்ரேக்கு மூலம் லத்தீனில் மாகிஸ்டர், வாத்தியார் என்று அர்த்தம். உன் படிப்புக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறாயே மாஸ்டர்ஸ், அதுவும் அதே வயிற்றில் பிறந்ததுதான். சிலுவைதாசனை ஆசாரி என்கிறோமே, அது ஆசாரியன், அதற்கும் வாத்தியார் என்றுதான் அர்த்தம். ஆக நம் வீட்டில் டீச்சர் நான் ஒருத்தி மட்டும் இல்லை, அப்பாவும்தான். என்னை டீச்சர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாய், அவரைச் சொல்ல மட்டும் உனக்கு நாக்குக் கூசுகிறது. இன்னொன்றும் கேள், சாவி என்ற சொல்லும் அதே போர்ச்சுகல்காரன் கொடுத்ததுதான். சேர்ந்து வந்த இரண்டையும் நீதான் பிரித்துவைத்தாய்.

இதையெல்லாம் நான் உன் அப்பாவிடம் சொன்னதற்கு, அவளைத் திட்டாதே, பிள்ளை அந்நிய ஊரில் கிடக்கா என்கிறார். அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. அந்தக் கரண்டி துவைகல்மேல் துண்டோடு இருக்கிறது, நான் தொடவில்லை, அவரும் தொடவில்லை. வடசேரிக்காரர்கள் வந்து கேட்டபோது, மகள் வீட்டு வேலை இன்னும் பாக்கி இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் டிசம்பர் வரை பார்ப்பார்கள், அதற்குமேல் வேறு ஆளைப் போடுவார்கள்.

பிள்ளைக்கு ஏசியை அதிகம் வைக்காதே, சளி பிடிக்கும். ஷிஜினுக்கு எங்கள் அன்பைச் சொல், அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார், உன் அப்பா கையின் வேலையையும் ஆசீர்வதித்தவர் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேரே உன் வீட்டுக்குப் போகாதே, கொட்டாரத்துக்கு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, உன் மாமனார் மாமியார் நிற்க அந்த வாசல்படியில் நீயே தண்ணீர் ஊற்று. பழைய சொம்பு அடுக்களையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் சாந்து இறுகிப்போயிற்று மக்கா, இனிமேல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போகாது, குனிந்து உட்கார்ந்து கையால் உரசவேண்டியிருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
நேசபாய்
யோவான் மேஸ்திரி வீடு, கொட்டாரம்